வேற்றுக்கிரக ஜந்துவின் பற்கள்

லியோன்,
பிரான்ஸ்
9 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை அரீபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து உடைந்த உன் மணிக்கட்டு கூடிவிட்டதாம். நீதான் பல் லேபுக்குத் திரும்ப மறுக்கிறாயாம். அம்மா போனில் புலம்பினார்கள்.

பார்சலில் இருப்பது கட்டைவிரல் உயர வேற்றுக்கிரக ஜந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு மேசைமேல் நடத்தும் பொம்மைப் போரில் என் படைக்கு இதுதான் தலைவன். வர்ணம் பூசாத பொம்மையைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். பீங்கான் பல்லுக்குத் தூரிகையால் உயிர் கொடுக்கிறவள் நீ. பூசித் தருவாயா?

உன் அண்ணன்
தல்ஹா

புதுச்சேரி,
24 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஜந்து சுகமாக வந்து சேர்ந்தது. "இந்த மாதிரி உருவத்த ஊட்ல வச்சா மலக்குங்க எப்டிடி வருவாங்க? மாடிக்கு எடுத்துட்டுப் போ" என்றார்கள் அம்மா. வானவர்களை விரட்டுவானேன் என்று போனேன். கை நடுங்கி, முதல் கண்ணே கன்னம்வரை வழிந்தது. துடைத்துவிட்டேன்.

பக்கத்துப் பல்லோடு நிறம் கொஞ்சம் மாறினாலும் சிரிக்கும்போது தெரிந்துவிடும், அண்ணா. இந்தக் கையை நம்பி யார் வாயில் என்ன வைப்பது? லேப் நடத்தும் சுலோசனா அக்காவிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். என்மேல் இரக்கப்பட்டு இனி எதுவும் அனுப்பாதே. இதையும் திருப்பி அனுப்பிவிடட்டுமா?

அரீபா

லியோன்,
5 செப்டம்பர்

கோபக்காரத் தங்கைக்கு,

ஜந்துவைத் திருப்பி அனுப்பாதே. இரக்கம் இல்லை, அவசரம். நானே பூசிய படை சேற்றில் விழுந்த பட்டாணி மாதிரி இருக்கிறது.

ஒன்று மட்டும் யோசி. பல்லுக்குப் பக்கத்தில் பல் உண்டு. இந்த ஜந்துவை யாரும் பார்த்ததே இல்லை. நிறம் தப்பு என்று சொல்ல ஒருவரும் இல்லை. கை நடுங்கினால் நடுங்கட்டும். அப்படியும் வேண்டாமென்றால் வீராம்பட்டினத்துக் கடலில் வீசிவிடு.

தல்ஹா

புதுச்சேரி,
12 அக்டோபர்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். வீசத்தான் போனேன். கரையில் மீன்காரம்மா ஒருவர் கணவாய் விற்றுக்கொண்டிருந்தார். வெள்ளைத் தோலில் ஊதாப் புள்ளிகள்; ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, ஜந்துவோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் புள்ளிகளாகவே வைத்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கிய இடத்தில் புள்ளி நீண்டு, தோலுக்கு உயிர் வந்தது. பிறகு பற்கள். ஈறோரம் மங்கிய மஞ்சள், நுனியில் கண்ணாடி வெளுப்பு. லேபில் செய்வதையே செய்தேன். அம்மா கீழேயிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க மாடிக்கே வந்துவிட்டார்கள்.

"சாப்புடக் கூப்புட்றது காதுல உழலியா?"

"தோ வரேம்மா, இந்த ஒரு பல்லு."

சொன்ன பிறகுதான் கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் மேசையில் ஊன்றியிருந்தது. தூரிகை நுனி அசையவில்லை.

"அம்மா, கை நடுங்கல."

அம்மா ஜந்துவைப் பார்க்கவே இல்லை. என் கையை எடுத்து, விரல் விரலாக முத்தமிட்டார்கள். இருவரும் அழுதோம். பிறகு எதற்கென்று தெரியாமல் சிரித்தோம். ஆறிப்போன சோறு அன்றைக்கு அவ்வளவு ருசி.

சுலோசனா அக்காவுக்குத் தயங்கித் தயங்கி போன் செய்தேன். "வேற ஆளா? நான் எங்க பாத்தேன்? திங்கக்கெழம வந்துடு. கல்யாணப் பொண்ணு ஒண்ணு முன்பல்லுக்குக் காத்துனு இருக்கு" என்றார். நாளைக்குப் போகிறேன்.

ஜந்து நேற்றே புறப்பட்டுவிட்டது. உன் போரில் அது முதல் சுற்றிலேயே செத்துப்போனாலும் பரவாயில்லை, மல்லாக்கப் படுக்க வை. பல் தெரியட்டும்.

உன் தங்கை
அரீபா