குடிக்காத நாளில் குடித்தார் என்று எழுதியது

அனுப்புநர்:
ஞா. எலிசாள்,
க/பெ. ஞானசிகாமணி,
சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரம்.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ அலுவலர் அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: மூளை நோயோடு வந்த என் கணவரைக் குடிபோதையில் இருப்பதாக முடிவுகட்டிச் சிகிச்சை தராமல் விட்ட தனியார் மருத்துவமனை மீது விசாரணை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு மலையாளம் பேசவும் வாசிக்கவும் தெரியும். ஆனாலும் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல என் தாய்மொழிதான் கைகொடுக்கிறது என்பதால் இந்த மனுவைத் தமிழில் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

1. என் கணவர் ஞானசிகாமணி, சாலைக் கடைத்தெருவில் மொத்த இரும்புச் சாமான் கடையொன்றில் விற்பனையாளராக இருந்தவர். அவர் குடிப்பவர். இதை நானே முதலில் எழுதிவிடுகிறேன். எங்களுக்கு எதிராக எப்படியும் இதைத்தான் சொல்லப்போகிறார்கள். பல வருடங்கள் தினமும் குடித்தார். வீட்டுக்கு ஜெபிக்க வரும் சபையார், "மனசு வச்சா விட்டுடலாமே" என்று அவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் மனது வைக்காத மாதமில்லை. கை நடுங்கும், வேர்க்கும், மறுபடி போவார்.

2. சென்ற ஜூன் மாதம் எங்கள் மகள் ஜிஜிக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிய கையோடு, மிச்சமிருந்த பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்தார். அதற்குப் பிறகு தொடவில்லை. முதலில் நடுக்கம், பிறகு ஓயாத வாந்தி. கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கவில்லை. விட்டதால் வரும் கஷ்டம், தானாகச் சரியாகும் என்று நம்பினோம். மூன்றாவது வாரம் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். கால்களை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்து நடந்தார். ஜிஜியை என் பெயர் சொல்லி அழைத்தார். உடனே ஆட்டோவில் மேற்படி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

3. பணியிலிருந்த மருத்துவர் அபிஜித், குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் மூன்று வாரமாக இல்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் நம்பினீர்களா?" என்றார். இரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று ஜிஜி கேட்டாள். பார்த்தாலே தெரிகிறதே என்று பதில் வந்தது. பிறகு வராந்தாவில், புறநோயாளிகள் வரிசைக்கு முன்னால், தரை ஓட்டின் கோடு பிடித்து நடந்து காட்டும்படி என் கணவருக்கு உத்தரவிட்டார். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கடைக்கு வந்த முதலாளி முன்னால் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, நடக்க முயன்று, விழுந்தார். வரிசை சிரித்தது. "முழுக்குடியன்" என்றார் காவலாளி. அந்தக் காவலாளியே அதைச் செல்பேசியில் படம் பிடித்தார்.

4. வார்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வேறெதுவும் தரவில்லை. மறுநாள் அவர் கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடின. எழுந்து போக முயன்றதால் இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். "எலிசா, அவிழ்த்துவிடு, கடை திறக்கணும்" என்று கேட்டபடியே இருந்தார். நான் செவிலியரைக் கூப்பிட்டபோதெல்லாம், போதை இறங்கட்டும் என்றார்கள். உள்ளேயே படுத்திருப்பவருக்குப் போதை எங்கிருந்து வரும் என்று கேட்டேன். நான்தான் பையில் கொண்டுவந்து கொடுத்திருப்பேன் என்று சொல்லி, மற்ற நோயாளிகளுக்கு முன்னால் என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். அதில் வேதப்புத்தகமும் ஒரு மாற்று வேட்டியும் இருந்தன.

5. அவர் என்னை யாரென்று கேட்ட பிறகுதான் வேறிடம் கொண்டுபோகச் சொன்னார்கள். அரசு மருத்துவமனையில் மருத்துவர் பிந்து அவர்கள் பார்த்தவுடன் ஊசி போட்டார்கள். நீண்ட காலக் குடியாலும் பட்டினியாலும் வாந்தியாலும் பி1 வைட்டமின் வற்றி, மூளை பட்டுப்போகும் நோய் இது. தள்ளாட்டம், கண் ஆட்டம், குழப்பம் மூன்றும் இதன் அடையாளங்கள். இந்த வைட்டமினை ஏற்றாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம் என்று விளக்கினார்கள். ஊசி எந்த மருத்துவமனையிலும் இருப்பதுதானாம். முதல் நாளே போட்டிருந்தால் தேறியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. இப்போது புதிதாக எதையும் மனதில் நிறுத்தும் திறன் போய்விட்டது. குடிப்பழக்கமும் மூளையில் வேரோடும் நோயே, வெட்கங்கெட்டதனம் அல்ல என்றும் சொன்னார்கள். இதை எங்களிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

6. அந்தக் காணொளி சாலைக் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அதை எனக்குக் காட்டி, "அண்ணாச்சி நல்லா டான்ஸ் ஆடுறாரே" என்றவர், பதினெட்டு வருடம் என் கணவர் பக்கத்தில் நின்று வியாபாரம் செய்தவர். ஜிஜியின் திருமணத்தன்று என் கணவர் என் தோளைப் பிடித்துத் தள்ளாடி வந்தபோது, இன்றைக்காவது குடிக்காமல் வந்திருக்கலாம் என்று ஆலயத்திலேயே சொன்னார்கள். அவருக்கு அது கேட்டது. "நான் குடித்திருக்கிறேனா, எலிசா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். மகிழ்ந்தார். பந்தியில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் மறுபடி கேட்டார்.

7. மருத்துவமனை மேலாளரிடம் முறையிட்டேன். விடுவிப்புச் சீட்டில் "மதுபோதையில் கொண்டுவரப்பட்டார்" என்று எழுதியிருப்பதைக் காட்டினார். எழுந்து நின்று வழியனுப்பும்போது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஒரு விதத்தில் உங்களுக்கு நல்லதுதானே அம்மா? இனி குடிக்க வேண்டும் என்ற நினைவே அவருக்கு வராதே."

8. ஐயா, அந்த மேலாளருக்கு ஒன்று தெரியாது. குடித்த வருடங்கள் எல்லாம் என் கணவருக்கு நன்றாக நினைவிருக்கின்றன. விட்டது மட்டும்தான் நினைவில் இல்லை. தினமும் காலையில் எழுந்து என் முகத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்கிறார். "நாளையிலிருந்து தொடமாட்டேன், எலிசா, சத்தியம்" என்கிறார். நீங்கள் விட்டாயிற்று என்று சொல்கிறேன். ஆறுதலுக்குப் பொய் சொல்கிறேன் என்று நினைத்து அழுகிறார்.

ஆகவே, இரத்தப் பரிசோதனையே செய்யாமல் போதை என்று எழுதிய மருத்துவரை விசாரிக்கவும், அந்தக் காணொளியை எடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்கவும், குடிப்பழக்கம் உள்ளவர் என்று தெரிந்ததும் நோயாளியைப் பார்ப்பதை நிறுத்திக்கொள்ளும் வழக்கத்தைத் தடுக்க உங்கள் எல்லைக்குட்பட்ட எல்லா மருத்துவமனைகளுக்கும் எழுத்துமூலம் உத்தரவிடவும் வேண்டுகிறேன். இழப்பீடு கேட்டு இந்த மனுவை எழுதவில்லை.

விசாரணையின் முடிவில், கொண்டுவரப்பட்ட அன்று ஞானசிகாமணி குடித்திருக்கவில்லை என்று தெரியவந்தால், அந்த ஒரு வரியை அலுவலக முத்திரையோடு அவர் பெயருக்கே அனுப்பித் தாருங்கள். என் சொல்லை அவர் நம்புவதில்லை. சர்க்கார் முத்திரையை நம்புவார். காலையில் வாசித்துக் காட்டுவேன். காப்பி ஆறுவதற்குள் மறந்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அதுவரைக்குமாவது அவர் தலை நிமிர்ந்து உட்காரட்டும்.

தங்கள் நீதியை எதிர்பார்த்து,
ஞா. எலிசாள்
(ஒப்பம்)

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 18.11.2024