வெல்டிங்கை ஒட்டிய இடம்

செவ்வாய், இரவு

காலையில் முதல் வேலையாக, எரிவாயுக் குழாயின் வெல்டிங்கிலிருந்து வெட்டியெடுத்து, நேற்றைய சோதனையில் ஒரே அடியில் உடைந்த எஃகுத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தேன். வெல்டிங்கை ஒட்டிய இடத்தில் எஃகின் மணிகள், அதாவது அதன் நுண்ணிய படிகங்கள், பெருத்திருந்தன; அப்படிப் பெருத்தால் எஃகு எளிதில் உடையும். அவற்றைப் பெரிதாகவிடாமல் பிடித்திருந்த, எஃகில் சிறிதளவு சேர்க்கும் நியோபியம் என்ற உலோகத்தின் துகள்கள் வெல்டிங்கின் அதிகச் சூட்டில் கரைந்துவிட்டன.

வெல்டர் சேகர் எட்டிப் பார்த்தான். “இன்னாக்கா, ஜாயிண்ட் சூப்பரா கீதே! மேனேஜருதான் கரண்ட்ட ஏத்தி சீக்கிரம் முடின்னாரு.”

அந்த மேனேஜர் பிறகு என்னிடம், “வெல்டிங்லேர்ந்து இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி வெட்டுப் போட்டு அடிச்சுப் பாருங்க மேடம், பாஸாயிடும்” என்றார். பாஸாகும்தான்; அவ்வளவு சூடு படாத நல்ல எஃகு அது. ஆனால் எண்ணூரில் அந்தக் குழாய் வீடுகளை ஒட்டிப் போகிறது.

யாரிடம் சொல்வது? லேபில் நான் ஒருத்தி. வீட்டிலும் நான் ஒருத்தி.

நாளை, உடைந்ததை உடைந்தது என்றே எழுதிக் கையெழுத்திடுவேன். பழி சேகர்மேல் விழாதபடி, கரண்ட்டை ஏற்றச் சொன்னது யார் என்பதையும் எழுதுவேன்.