வாப்பாவின் இரட்டைக்குழலுக்கு முதலாளி சொன்ன விலை

என் தங்க வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுபஹு தொழுது, உங்களுக்காக யாஸீன் ஓதி, துஆவும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மண்ணுக்குள் உங்கள் கபுறை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். மகள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். இனி என் கோபத்தைக் கேளுங்கள். அதில் கொஞ்சம் உங்களுக்கும் இருக்கிறது.

முதலில் வயல் செய்தி. நம் வட்டையில் சிறுபோகப் பயிர் முழங்கால் உயரம் நிற்கிறது. வாய்க்கால் தண்ணீர் இந்த முறை நேரத்துக்கு வந்தது. யானையும் நேரத்துக்கு வந்தது. கந்தசாமி அண்ணனின் வரம்பை உடைத்துக்கொண்டு, நம் மூலை வயலில் ஒரு பாய் விரிக்கிற அளவு மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. கதிர் வந்த பிறகு இப்படி மிதிக்காது, தின்னும்.

கந்தசாமி அண்ணன் உங்களோடு முறை மாறி முறை மாறிக் காவல் இருந்தவர். பக்கத்துக் காணியில் அவர் நின்றால் நம் காவல் வாடியில் நீங்கள் நிம்மதியாகக் கண் மூடுவீர்கள். யானைக்கு வெடி வைக்கும் தன் துவக்கை அவர் விற்றுவிட்டார், வாப்பா. நீங்கள் மௌத்தான பிறகு, அவருடைய மகளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நேரம் அது. அதிலிருந்து இரண்டு காணிக்கும் நம் வீட்டு இரட்டைக்குழல் துவக்கு ஒன்றுதான் துணை.

நீங்கள் படுக்கையில் விழுந்த உடனேயே அதன் அனுமதிப்பத்திரத்தை என் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றீர்கள். பேச்சுக் குழறிய நிலையிலும் அதை மட்டும் தெளிவாகச் சொன்னீர்கள். அரசாங்கக் கச்சேரியில் ஒவ்வொரு மேசையிலும் "பொம்புளட பேரிலயா?" என்று கேட்டார்கள். கட்டாரில் இருக்கும் உங்கள் மருமகனும், "துவக்க ஒப்படைச்சிட்டு வீட்டில இரி" என்றார். அவர் அங்கே ஏசிக்குள் இருந்துகொண்டு சொல்லலாம். யானை இங்கேயல்லவா வருகிறது?

ஆனால் அந்தத் துவக்கு உங்கள் தோளுக்கு ஏற்றது. எனக்கல்ல. போன போகம் அறுவடைக்கு முன் ஒரு நாள் பொழுதுபடும் மஃரிபு நேரம் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தேன். யானை ஒரு பக்கம் ஓடியது, நான் மறுபக்கம் சேற்றுக்குள் குந்திவிட்டேன். தோள் கறுத்துப்போய்க் கையைத் தூக்க முடியாமல் கிடந்தேன். உம்மா ஒத்தடம் கொடுத்துக்கொண்டே உங்களை நினைத்து அழுதா. அப்போதுதான் முடிவெடுத்தேன். இதைக் கொடுத்துவிட்டு, பாரம் குறைந்த ஒற்றைக்குழல் ஒன்றை மாற்றி எடுக்க வேண்டும். பயிரில் கதிர் தள்ளும் முன்னே எடுக்க வேண்டும்.

எங்கே போவேன்? உங்கள் ஆளிடம்தான் போனேன். டவுனில் துவக்குக் கடை வைத்திருக்கும் அந்த முதலாளியிடம்.

நினைவிருக்கிறதா வாப்பா? வருஷா வருஷம் தோட்டா வாங்கப் போகும்போது மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவீர்கள். அவர் துவக்கை வாங்கி, மடித்து, குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். "போடியார், இப்பிடித் துவக்கு இப்ப எங்க கிடைக்கும்? குடுக்கிறெண்டா எனக்குத்தான் குடுக்கோணும்" என்பார். கொஞ்சக் காணிக்காரரான உங்களைப் பெரிய நிலக்காரர் போலப் போடியார் என்று கூப்பிட்ட ஒரே மனிதர் அவர். வீடு வந்து சேரும் வரை உங்கள் முகத்தில் சிரிப்பு நிற்கும்.

இந்த முறையும் அதே துவக்கு, அதே மனிதர். குழலை வெளிச்சத்துக்குப் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய சாமான் புள்ள. இத இப்ப ஆரு வாங்குற?"

"குழல் சுத்தமாத்தானே இரிக்கி. வாப்பா கிழமைக்குக் கிழம எண்ண போட்டுத் தொடச்ச சாமான்."

"உள்ளுக்கு அரிச்சிரிக்கி. அது உங்களுக்கு விளங்காது. இந்தா, தோள்ல வெக்கிற மரச் சோங்கும் வெடிச்சி பித்தளத் தகடு அடிச்சிரிக்கி. இதெல்லாம் வெலயக் கொறைக்கிற விஷயம்."

அவர் சொன்ன விலையை எழுத எனக்குக் கை கூசுகிறது. கறவை மாட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, அங்கே கண்ணாடிக்குள் நிற்கும் ஒற்றைக்குழல் என்ன விலை என்று கேட்டேன். அதுவும் பாவித்த துவக்குத்தான். அதன் விலை நம் துவக்குக்குச் சொன்னதைப் போல மூன்று மடங்கு. அதன் சோங்கிலும் வெடிப்பு இருந்தது, கம்பி சுற்றியிருந்தது.

"அதுட சோங்கும் வெடிச்சித்தானே இரிக்கி?"

"அது பாவிச்ச அடையாளம் புள்ள."

நம் துவக்கில் இருந்தால் குறை, அவர் துவக்கில் இருந்தால் அடையாளம். அதற்கு மேல் ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக, "பொம்புளப்புள்ள வட்டையில கஷ்டப்படுறதப் பாத்தா போடியார்ட மனசு தாங்குமா?" என்று வேறு கேட்டார். உங்கள் பெயரை வைத்தே உங்கள் துவக்கை அடிவிலைக்குக் கேட்டார், வாப்பா.

ஏன் அவருக்கு அவ்வளவு துணிச்சல் தெரியுமா? மோட்டார் சைக்கிள் என்றால் ஓர் அட்டையில் "விற்பனைக்கு" என்று எழுதித் தொங்கவிட்டு மருதமுனை ரோட்டில் நிறுத்தி வைக்கலாம். பின்னேரத்துக்குள் நாலு பேர் வந்து விலை கேட்பார்கள். துவக்கை அப்படி விற்க முடியாது. அனுமதி உள்ளவனுக்கு, அனுமதிக் கடிதத்தோடுதான் கை மாற வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் நடக்க வேண்டும், பயிர் அதுவரை காத்திருக்காது. எனக்கு வேறு வாசல் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெற்கே இன்னொரு ஊரில் ஒரு கடை இருக்கிறது, அங்கேயும் போனேன். உள்ளே கால் வைக்கும் முன்பே, "போடியார்ட மகளா?" என்று கேட்டார்கள். விலையும் அச்சொட்டாக அதே விலை. முதலாளியின் போன் எனக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிட்டது.

உங்கள் மேல் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். "நம்மட ஆள்கிட்ட வெல பேசக் கூடாது மகள், அது மரியாத இல்ல" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தீர்களே. உங்கள் வாழ்நாளில் அவர் சொன்ன தோட்டா விலையை ஒரு தடவையாவது திருப்பிக் கேட்டிருக்கிறீர்களா? அவர் கொடுத்ததெல்லாம் ஒரு பட்டம். அதற்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?

மறுபடி அந்தக் கடைக்குப் போகும்போது கந்தசாமி அண்ணனைத் துணைக்குக் கூட்டிப் போனேன். ஆண் ஒருவர் பக்கத்தில் நின்றாலாவது மரியாதையாகக் கதைப்பாரோ என்று ஒரு நினைப்பு. விலை அசையவில்லை. அண்ணன் கண்ணாடிக்குள் இருந்த ஒற்றைக்குழலையே பார்த்துக்கொண்டு நின்றார். ரோட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"தங்கச்சி, அந்தக் கம்பி நான் சுத்தினது. உங்கட வாப்பாதான் சோங்கப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

அது அண்ணன் விற்ற அதே துவக்கு. பொலிஷ் போட்டுக் கறுப்பாக்கி வைத்திருந்ததால் நான் அடையாளம் காணவில்லை. அண்ணனிடமும் முதலாளி அதே வசனத்தைத்தான் சொல்லியிருக்கிறார். உள்ளுக்கு அரிச்சிரிக்கி, ஆரு வாங்குற. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எந்தத் தகப்பன் நின்று விலை பேசுவான்? நீட்டியதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இப்போது அதே துவக்கு அரிப்பெல்லாம் சுகமாகி, மூன்று மடங்கு விலையோடு கண்ணாடிக்குள் நிற்கிறது!

இதற்குள் ஒரு செய்தி வந்தது. முதலாளி இந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போகிறார். ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய், தன்னிடம் ஏதும் குறை கண்டிருந்தால் பொருந்திக்கொள்ளச் சொல்லி மன்னிப்புக் கேட்பது நம் வழக்கம்தானே. கேட்டால் மறுப்பவரும் இல்லை. வெள்ளை உடுத்து, அத்தர் மணக்க, காரில் நம் வீட்டுக்கும் வந்தார். உம்மா உங்களுக்காக இத்தாவில் இருப்பதால், பிற ஆண் முன் வராமல் திரைக்குப் பின்னால் இருந்தா. விலைக் கதையை நான் உம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. இத்தாவில் இருக்கும்போது இது ஏன் என்று விட்டுவிட்டேன். அவர் வாசலில் நின்று கேட்ட உடனே உம்மா வழக்கப்படி சொல்லிவிட்டா.

"நாங்க பொருந்திக்கிட்டம் தம்பி. எங்களுக்காகவும் துஆக் கேளுங்க."

அவர் திரும்பினார். வந்த வேலை முடிந்துவிட்டதே!

"நில்லுங்க முதலாளி," என்றேன். "உம்மா பொருந்தினது உம்மாட பங்கு. துவக்கு எண்ட பேரில இரிக்கி. நான் பொருந்தல்ல."

"என்ன புள்ள இது? வியாபாரம் வேற, இது வேற."

"அல்லாஹ்ட்ட ரெண்டுக்கும் வேற வேற கணக்கா?"

முகம் சிவந்துவிட்டது. நின்ற இடத்திலேயே விலையைக் கொஞ்சம் ஏற்றினார். யானைப் பசிக்குச் சோளப்பொரி. எனக்கு இன்னும் எரிந்தது.

"வேணாம் முதலாளி. உள்ளுக்கு அரிச்சிட்டெண்டு நீங்கதானே சொன்னீங்க. அரிச்ச துவக்க வீட்டில வெச்சிரிக்கிறது ஆபத்து. நாளைக்கே பொலிஸில ஒப்படைச்சிருவன். அவங்க நொறுக்கிப் போடட்டும்."

"ஐயோ, அப்பிடிச் செஞ்சி போடாதீங்க புள்ள! இப்பிடித் துவக்கு இப்ப எங்க கிடைக்கும்?"

அதே வசனம், வாப்பா. ஒரு சொல் மாறவில்லை. சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே விளங்கியது.  திரைக்குப் பின்னால் உம்மா தொண்டையைச் செருமினா.

"தம்பி, அப்ப நான் பொருந்தினதத் திருப்பி எடுத்துக்கிட்டன்."

இத்தா இருந்த இவ்வளவு நாளில் உம்மாவின் குரல் அவ்வளவு உரத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் முதலாளி ஆளனுப்பிக் கடைக்குக் கூப்பிட்டார். இரட்டைக்குழலுக்கு நியாயமான விலை போட்டார், ஒற்றைக்குழலுக்கும் நியாயமான விலை போட்டார். ஒன்றுக்கு ஒன்று மாறி, மேலே எனக்கு வர வேண்டியதையும் எண்ணி வைத்தார். அனுமதி உள்ள கடை என்பதால் பத்திர வேலையும் சுருக்கில் முடிந்தது. இவ்வளவும் முதல் நாளே முடியாத காரியமா? முடித்துவிட்டு எழும்பி நின்று, "இப்பவாவது பொருந்திக்கோங்க புள்ள" என்றார். நானும் சொல்லத்தான் வாயெடுத்தேன். கையில் அந்தக் கம்பி பட்டது.

"இந்த ஒற்றக்குழல உங்களுக்கு வித்தவர்ட்ட கேட்டீங்களா?"

"அவரா? அவர் நம்மட ஆக்கள் இல்லயே புள்ள."

வாப்பா, என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. நம்மட ஆள் யார்? பட்டம் சொல்லித் தோட்டா விற்றவரா, மழையிலும் பனியிலும் உங்களோடு சேற்றில் நின்றவரா? உங்கள் ஜனாஸா அன்று கடைசி மண் விழும் வரை மையவாடி மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றாரே, அவர் யாருடைய ஆள்? அவரிடம் அநியாயமாக வாங்கியதை மட்டும் அல்லாஹ் எழுதாமல் விடுவானா? மாற்று மதத்து மனிதனின் ஹக்கைப் பறிப்பது இன்னும் பாரம் என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள்?

"அவர்ட வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க. மறுகா நான் சொல்லுறன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது நான் காவலுக்குப் போவது அண்ணனின் பழைய துவக்கோடுதான். என் தோளுக்கு அது நல்ல பொருத்தம். அது என் கையில் இருப்பதற்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "உங்கட வாப்பா பிடிச்சுக்கொண்டு நிண்ட சாமான் தங்கச்சி, உங்கட்ட இருக்கிறதுதான் சரி" என்றார். அனுமதி இல்லாததால் அவர் அதைத் தொடுவதில்லை. டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

முதலாளிக்கு இந்த வெள்ளிக்கிழமை பயணம். நேற்று வரை சவளக்கடையில் அண்ணனின் வீட்டுப் பக்கம் அந்தக் கார் வரவில்லை. ஆனால் தினமும் அவருடைய பெஞ்சாதி உம்மாவுக்குப் போன் எடுத்து, "மகள ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க" என்று கெஞ்சுகிறா. மக்காவுக்குப் போக வழி தெரிந்த மனிதருக்குக் சவளக்கடைக்குப் போகும் கிட்டங்கித் தாம்போதிப் பாலத்தைத் தாண்டத் தெரியவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் எப்போதோ பொருந்தியிருப்பீர்கள். "விட்டுடு மகள்" என்று எனக்கும் சொல்லியிருப்பீர்கள். நான் செய்வது பிழையா வாப்பா? இரவில் யோசிக்கிறேன். காலையில் துவக்கோடு வாடிக்குப் போய் அந்தக் கம்பியைத் தடவிப் பார்த்தால் யோசனை போய்விடுகிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். யானைக்கு நேரே ஒரு நாளும் குழலை நீட்ட மாட்டேன், நீங்கள் செய்தது போல வானத்துக்குத்தான் வெடி வைப்பேன். நம் காணியையும் அண்ணனின் காணியையும் சேர்த்தே காப்பேன். முதலாளி விமானம் ஏறட்டும், ஹாஜியார் என்ற பட்டத்தோடு இறங்கட்டும். அண்ணனின் முற்றத்தில் வந்து நின்று அவர் கேட்கும் வரை, அண்ணன் சரி என்று சொல்லும் வரை, அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது.

உங்கள் துவக்கை விற்ற, உங்கள் காவலை விற்காத
மூத்த மகள்
ஜெஸீமா