உங்கள் பக்கத்துச் சோறு

டீச்சர்,

இன்று சாயங்காலம் எதிர்வீட்டம்மா தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் திறந்தேனோ இல்லையோ, புதினாவும் பட்டையும் தேங்காய்ப்பாலுமாக ஒரு வாசம் எழுந்து வந்து முகத்தில் அடித்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நோன்பு மாதம் மட்டும் தன் பாட்டுக்கு வந்துவிட்டது.

நான் புதுக்கோட்டையிலேயேதான் இருக்கிறேன். சர்க்கரை கொஞ்சம், பிரஷர் கொஞ்சம், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. பெங்களூரிலிருக்கும் மகன் தினமும் போனில் கூப்பிட்டு என்ன சாப்பிட்டேன், எத்தனை இட்லி, எவ்வளவு எண்ணெய் என்று குடைகிறான். "எவ்வளவுன்னு அப்புறம் கேளுடா. யாரோட சாப்பிட்டேன்னு முதல்ல கேளு" என்று நேற்று ஒரு போடு போட்டேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். சாப்பாட்டைப் பற்றி எனக்கென்று ஒரு கொள்கை இருக்கிறது, அதை யாருக்காகவும் மாற்றிக்கொள்வதாக இல்லை. அது உருவானது உங்கள் வீட்டில்.

ஆலங்குடிப் பக்கத்தில் நான் வளர்ந்த வீட்டில் எச்சில் என்றால் அத்தனை பேரும் பதறுவார்கள். தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். ஒரு கமர்கட்டைப் பங்கு போடுவதென்றால்கூட பாவாடை நுனியில் சுற்றி, காக்காக்கடி கடித்துத்தான் கொடுப்போம். கல்யாணமான பிறகு கணவர் தட்டில்கூட நான் கை வைத்ததில்லை. இப்படிப்பட்டவள்தான் கோட்டைப்பட்டினம் பள்ளிக்கூடத்துக்கு அறிவியல் டீச்சராக மாற்றலாகி வந்தேன். அங்கே தமிழ் டீச்சராக நீங்கள் இருந்தீர்கள். கடைசிவரை நீங்களும் நானும் ஒருவரையொருவர் "டீச்சர்" என்றேதான் கூப்பிட்டுக்கொண்டோம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகமே இல்லை.

உங்கள் கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்கு அழைத்திருந்தீர்கள். போய்ப் பார்த்தால் பாய் விரித்து, நடுவில் சஹன் என்று பெரிய பெரிய தட்டுகள். ஒரு தட்டைச் சுற்றி நான்கு பெண்கள். நெய்ச்சோற்றில் நான்கு கையும் ஒன்றாக இறங்கின. நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டீர்கள். "ஒங்களுக்குத் தனியா எலை போட்டுருக்கேன், சங்கடப்படாம உக்காருங்க டீச்சர்" என்று ஓரத்தில் ஒரு பெஞ்சைக் காட்டினீர்கள். அங்கே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே உங்கள் தட்டையும் நோட்டம் விட்டேன். நடுவில் இருந்த நல்ல கறித்துண்டை யாருமே எடுக்கவில்லை. ஒருவர் விரலால் அடுத்தவர் பக்கம் தள்ளுகிறார், அவர் இன்னொருவர் பக்கம் தள்ளுகிறார். இதென்ன கூத்து, இப்படித் தள்ளிக்கொண்டேயிருந்தால் யார்தான் சாப்பிடுவது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சஹன் சாப்பாடு என்பதன் பாதி அந்தத் தள்ளலில்தான் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு உங்களுக்குக் காச நோய் வந்தது.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச வாரத்தில் சளியில் கிருமி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் வீட்டில் பயம் போகவில்லை. உங்களுக்கென்று தனித் தட்டு, தனி தம்ளர், பின்னறையில் தனிப் பாய். பாசத்தில் செய்ததுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. தட்டில் வைத்ததெல்லாம் வீட்டிலேயே நல்ல துண்டு, நல்ல முட்டை. ஆனால் பிறந்ததிலிருந்து நாலு கைக்கு நடுவே சாப்பிட்டவர் நீங்கள். உங்களுக்குத் தனியாகச் சாப்பிடத் தெரியாது. அதை அந்த வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. வைத்த சோறு வைத்தபடியே திரும்பிப் போனது. வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டியது. இன்னும் எடை இறங்கினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் உங்கள் மகளிடம் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வந்தபோது உங்கள் மகள் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உம்மா எதையும் தொட மாட்டேங்குது டீச்சர். நீங்களாச்சும் சொல்லிப் பாருங்க" என்றாள். உள்ளே வந்து உங்களைப் பார்த்தேன். சேலைக்குள் ஆளே இல்லை. பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. புரதம், எதிர்ப்பு சக்தி என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"பாடம் வேணாம் டீச்சர். நானும் விழுங்கத்தான் பாக்குறேன், எறங்க மாட்டேங்குது. ஒத்தையில உக்காந்து தின்னா, யாரு சோத்தையோ திருடித் திங்கிற மாதிரி இருக்கு."

கொல்லைக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன். பாயில் உங்கள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, உங்கள் தட்டில் கையை வைத்தேன். "என்ன செய்றீங்க, எடுங்க கைய" என்று அதட்டினீர்கள். "எடுக்க மாட்டேன்" என்றேன். காச நோய் காற்றில்தான் பரவும், தட்டில் பரவாது என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லையே! விரல் நடுங்கியது. நோய் ஒரு பயம், எச்சில் ஒரு பயம். மீன் குழம்பை நீங்கள் ஆணம் என்பீர்கள். அந்த மீன் ஆணத்தில் பிசைந்து ஒரு வாய் வைத்தேன், விழுங்கினேன். இரண்டாவது வாய் வைத்தேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு மெதுவாக உங்கள் கையும் தட்டுக்கு வந்தது. முதலில் செய்தது என்ன தெரியுமா? பாறை மீனின் முள்ளை எடுத்துவிட்டு, சதையை என் பக்கம் தள்ளினீர்கள். நான் உங்கள் பக்கம் தள்ளினேன். நீங்கள் திருப்பித் தள்ளினீர்கள். "சாப்பிட்டுத் தொலைங்க" என்று கத்தினேன். அன்று உங்கள் மகள் இரண்டாம் தடவை சோறு போட்டாள். போடும்போது அழுதுகொண்டே போட்டாள்.

அதற்கப்புறம் தினமும் மதிய மணி அடித்ததும் நான் உங்கள் வீட்டில்தான். உடம்பு தேறியது. நீங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி, ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்து, நன்றாக வாழ்ந்துதான் போனீர்கள். எனக்கு அந்த நிறைவு உண்டு.

அன்றிலிருந்து என் கொள்கை இதுதான். நோயாளியிடம் "சாப்பிடு" என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். கணவர் போன பிறகும் ஒரு நாள்கூட அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிட்டதில்லை. மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். இல்லையென்றால் எதிர்வீட்டில் போய் நானே உட்கார்ந்துவிடுகிறேன். வெட்கமென்ன இதில்? சர்க்கரைக்குச் சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்துவிட்டேன். ஆட்களைக் குறைக்கச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லவில்லை.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. உங்களைச் சாப்பிட வைத்தது நான்தான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன் அல்லவா? போன வருடம், கடைசியாக நாம் பார்த்த அன்று, உங்கள் பேத்தியிடமும் அதை அளந்துகொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டேயிருந்த நீங்கள் சிரித்தீர்கள்.

"அன்னைக்கு எனக்குப் பசியே இல்ல டீச்சர். ஒங்க கை நடுங்குறதப் பாத்தேன். பாவம், இவ்வளவு பயந்துகிட்டுச் சாப்பிடுற மனுஷிய எப்புடித் தனியா விடுறதுன்னுதான் கைய வச்சேன்."

இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறீர்களே! எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. உங்களிடம் நான் சொல்லாததும் ஒன்று உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன். அப்போதே சொல்லிச் சிரித்திருக்கலாம். அடுத்த முறை பார்க்கும்போது சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

பசியே இல்லாத இரண்டு பேர்தான் அன்று அந்தத் தட்டை வழித்துச் சாப்பிட்டோம், டீச்சர். சாப்பாடு என்பது பசிக்கு மட்டும்தான் என்று இனி யாராவது எனக்குப் பாடம் நடத்த வரட்டும், பார்க்கிறேன்.