ஐரீனுக்கு இருக்கும் ஒன்று

3 மார்ச் 2025, திங்கள்
பொருத்தம் பார்க்க இன்று ஏழு குழாய் இரத்தம் எடுத்தார்கள். லாரன்ஸ் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே இரத்தப் பிரிவு. அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு மூன்று வருடம். வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் டயாலிசிஸ். போன மாதம் அண்ணி அழுதபோது, "நான் தரேண்ணே" என்று சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் டெரிக் கேட்டார்: "நெசமாவே ஓகேவா ஐரீன்?"
"ஓகே லா."
பெண்டாட்டி பொய் சொன்னால் அவருக்குத் தெரியும்.

6 மார்ச், வியாழன்
பயம்.

8 மார்ச், சனி
ஆஸ்பத்திரியில் கொடுத்த கையேட்டைப் படித்தேன். விலா எலும்புக்குக் கீழே, முதுகை ஒட்டி, கைமுஷ்டி அளவில் இரண்டு. நாளொன்றுக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுமாம். மிச்சமெல்லாம் திரும்ப இரத்தத்துக்கே. நாற்பத்து மூன்று வருடத்தில் ஒரு நாளாவது இதை நினைத்திருப்பேனா?

ஒன்று இருந்தாலே போதும் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் எதற்கு இரண்டு? நாளைக்கு என் மகன் டேரிலுக்கே ஒன்று வேண்டியிருந்தால்? இது நிஜமான கேள்வியா, சாக்கா?

12 மார்ச், புதன்
ஸ்கேன். வயிற்றில் ஜெல் தடவிய பெண் பேசிக்கொண்டே இருந்தவள், இடது பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். திரும்பிப் படுக்கச் சொன்னாள். கருவியை அழுத்தினாள். வெளியே போய் டாக்டர் மர்ஜானாவை அழைத்து வந்தாள். கட்டி என்றே நினைத்தேன்.

கட்டி இல்லை. இடது பக்கம் சிறுநீரகமே இல்லையாம். பிறவியிலேயே. வலது பக்கத்தில் உள்ளது சற்றுப் பெரிதாக வளர்ந்து, இரண்டு பேர் வேலையை ஒண்டியாகச் செய்துகொண்டிருக்கிறதாம். நிறையப் பேருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது என்றார் டாக்டர். வருடத்துக்கு ஒரு முறை இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொண்டால் போதும்.

"ஆனா நீங்க கொடுக்க முடியாது, புவான்." மேடம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

13 மார்ச், வியாழன்
எழுதித்தான் ஆக வேண்டும். டாக்டர் அதைச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. கார் பார்க்கில் சிரித்தேன். சிரித்தேன்! பிறகுதான் அண்ணன் முகம் ஞாபகம் வந்தது.

16 மார்ச், ஞாயிறு
பூசை முடிந்து அண்ணனின் ஜெலுத்தோங் பிளாட்டுக்குப் போய்ச் சொன்னேன். அண்ணி அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். அண்ணன் எழுந்து எனக்காக மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.
"ஒனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" - அவர் கேட்டது அது ஒன்றுதான்.
திட்டியிருக்கலாம்.

22 மார்ச், சனி
பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சிரித்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கிடைத்தது. போதவில்லை. நான் தப்புச் செய்தது ஃபாதருக்கா?

23 மார்ச், ஞாயிறு
அண்ணனிடமே சொல்லிவிட்டேன். "முடியாதுன்னதும் எனக்கு சந்தோஷமா இருந்திச்சிண்ணே. மொதல்லேருந்தே பயந்துகிட்டுத்தான் இருந்தேன்."
அவர் முகம் கறுத்தது. "இத ஏன் எங்கிட்ட வந்து சொல்ற? நீ லேசாவணும்னு நான் சுமக்கணுமா?"
பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆயர் ஈத்தாம் வீடு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடமிருந்தது.

2 ஏப்ரல், புதன்
பத்து நாளாகப் போன் இல்லை. நான் அடித்தால் அண்ணிதான் எடுக்கிறார். "தூங்குறாரு."

10 ஏப்ரல், வியாழன்
காலை ஆறு மணிக்கு அண்ணனே கூப்பிட்டார். "அண்ணிக்குக் காய்ச்சல். கெரெத்தா எடுத்துகிட்டு வரியா?" ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, டெரிக்கின் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணனை முன் சீட்டில் உட்கார வைத்தேன். டயாலிசிஸ் சென்டரில் நாற்காலியில் சாய்ந்ததும் சட்டைக் கையைச் சுருட்டினார். ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம், முழங்கைக்குக் கீழே கயிறு மாதிரி புடைத்திருந்தது. மூன்று வருடமாக நான் பார்க்காமல் தவிர்த்த கை.

"தொட்டுப் பாரு," என்றார்.

விரலை வைத்தேன். தோலுக்கடியில் இரத்தம் விர்ரென்று அதிர்ந்துகொண்டு ஓடியது. சூடாக இருந்தது. தாதி ஊசியோடு வந்து, "அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று சொல்லும்வரை நான் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.