மொட்டையும் ஒரு வழிதான்

அண்ணே,

இன்று காலை நம் பரோட்டாக் கடைக்குத் தலையுறைப் பாக்கெட் வந்தது. பிரித்ததும் எழுந்த அந்த நைலான் வாடையில் நீங்கள் வந்து நின்றீர்கள். முழு வழுக்கையோடு கல்லின் முன் நின்ற உங்களுக்குத்தானே, தலையுறை போடவில்லை என்று நோட்டீஸ் வந்தது!

சோதனைக்கு வந்த இளம் அதிகாரியிடம் தலையைக் குனிந்து காட்டினீர்கள். "எந்த முடி சார் உழப்போவுது?"

அவர் கைபேசியை நீட்டினார். "சமைக்கிறவங்க எல்லாரும் போடணும்னு வழிகாட்டுதல்ல இருக்கு."

"இருக்கட்டும் சார். அது சட்டமா, ஆபீஸ்ல சொல்ற யோசனையா?"

பத்தாவதை இரண்டு முறை எழுதிய நான் சும்மா இருந்திருக்கலாம். "கவர்மெண்டு சீல் இருந்தா எல்லாம் சட்டம்தாண்ணே" என்று உதவிக்கு வந்தேன். அதிகாரிக்கு என்னை மிகவும் பிடித்துப்போயிற்று. உரிமத்தை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று நோட்டீஸ்.

கடை மூடினால் இரண்டு வீட்டிலும் உலை ஏறாது. விசாரணைக்குச் சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பஸ்ஸில் நான் மன்னிப்புக் கேட்கப் பழகிக்கொண்டிருந்தேன். நீங்களோ சாட்சி பளபளக்கட்டும் என்று தலைக்கு எண்ணெய் தடவி வந்திருந்தீர்கள்.

பெரிய அதிகாரி நோட்டீஸைப் படித்தார், உங்கள் தலையைப் பார்த்தார், சிரிப்பை விழுங்கினார்.

"சாப்பாட்டுல முடி விழக்கூடாது, அதான் சட்டம். அதுக்குத் தலையுறை ஒரு வழின்னு வழிகாட்டுதல் சொல்லுது. அதை மட்டும் வெச்சி தண்டிக்க முடியாது. இவருக்கு மொட்டையே ஒரு வழிதான்."

நோட்டீஸ் ரத்து. பெருமையில் நானும் எழுந்து நின்றேன். அப்போதுதான் என் சுருட்டை முடி அவர் கண்ணில் பட்டது.

"நீங்களும் மாவு பிசையறவர்தானே? உங்களுக்கு வழிகாட்டுதலே வேணாம். சட்டமே போதும்" என்று எனக்கு மட்டும் எச்சரிக்கை எழுதிக் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் நீங்கள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரும் காரணம் தெரியாமலே சிரித்தார்.

மறுநாள் தலையுறையோடு வந்தீர்கள்.

"ஜெயிச்சிட்டோமே, இன்னாத்துக்குண்ணே?"

"நோட்டீஸ் உட்டா போட மாட்டேன்டா. சாப்புட வர்றவன் பாத்தா அவனுக்கு ஒரு திருப்தி. அதுக்குப் போட்டுக்கினேன்."

நீங்கள் போனபின் இப்போது கல்லின் முன் நான்தான். என் தலையும் உங்கள் தலையாகிவிட்டது. "ஒத்த முடி இல்ல, உனக்கு இன்னாத்துக்குப்பா அது?" என்கிறாள் மகள். சட்டப்படி தேவையில்லைதான், உங்கள் வழக்கே எனக்குத் துணை.

ஆனாலும் புதுப் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன், அண்ணே. யாரும் நோட்டீஸ் விடவில்லை.