நாய்க்கும் சேர்த்துப் பார்த்த ஆறாவது வீடு

புதன், இரவு 10 மணி

சூரமங்கலத்தில் வீடு கிடைத்துவிட்டது. நாய் இருக்கிறது என்றதும் ஐந்து வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆறாவது வீட்டு அம்மா மட்டும், "நாய் இருக்குதுங்களா? நல்லதாப் போச்சு" என்றார். அவர் மாடியில் தனியாக இருக்கிறார். போன மாதம் பக்கத்து வீட்டில் திருடு போயிருக்கிறது.

"நல்லாக் குலைக்குமுங்களா?"

"கேட்டுல கை வெச்சாலே ஊரைக் கூட்டிருமுங்க" என்றேன். வாய் கூசவே இல்லை.

"அவரு போனதுக்கப்பறம் லைட்ட அணைச்சுட்டுத் தூங்குனதே இல்லீங்க. இனித் தூங்கிக்குவேன் சாமி" என்று சாவியைக் கையில் கொடுத்தார். ஞாயிறு பால் காய்ச்ச நல்ல நேரமும் அவரே பார்த்துச் சொன்னார்.

என் நாய் மணிக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருடமாகக் காது கேட்பதில்லை. சாயங்காலம் நான் கதவைத் திறந்து உள்ளே வந்ததுகூடத் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தது. முதுகைத் தொட்ட பிறகுதான் வாலை ஆட்டியது.

நாளை போய் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் இந்த வீடும் போய்விடும். மாதக் கடைசிக்குள் இங்கே காலி செய்தாக வேண்டும்.

தூங்கலாம் என்று எழுந்து சுவிட்சில் கை வைத்தேன். லைட்டை அணைக்க முடியவில்லை.